சாவு மட்டுமே போன வாசல்

காலை ஏழு மணிக்குக் கிள்ளானில் பஸ் ஏறினேன். ஜெராம் தாண்டியதும் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி, மூட்டை முடிச்சை அவிழ்த்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். என் கையில் இருந்ததோ கல்யாணப் பெண்ணுக்கு ஒரு சேலை. அதையும் உதறிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நண்பர் சவரிமுத்து கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அன்று அவர் மகள் எலிசாவுக்குக் கல்யாணம். தோட்டத்துக் கோயில், ஆட்களின் வீடுகளைச் சுற்றிப் பட்டாளம் போட்ட முள்வேலிக்கு வெளியே பூட்டிக் கிடந்ததால், பக்கத்து ராணுவப் பயிற்சிக் கல்லூரி தன் சிற்றாலயத்தைக் கொடுத்திருந்தது.

கோபுரத்தைத் தேடாதீர்கள், நான் தேடி ஏமாந்தேன். தகரக் கூரை, தாரடித்த பலகைச் சுவர், ஜன்னல் உயரத்துக்கு மணல் மூட்டை. வாசலருகே துப்பாக்கி சாத்த ஒரு மரச்சட்டம். தோட்டாப் பெட்டிகளை அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தியதுதான் பீடம். சுவரில் இறந்த மாணவர்களின் பெயர்ப் பலகைகள். முன்வாசல் மட்டும் கட்டடத்துக்குப் பொருந்தாத அகலம்.

"வாசல் ஏன் இம்மாம் பெருசு?" என்று கேட்டார் பெண்ணின் தாய் ஞானம்மா.

"தோள்ல பெட்டியோட ரெண்டு பக்கமும் ஆள் போகணும்லா," என்றார் கல்லூரியில் கணக்கெழுதும் கிராணி. "இங்க இதுவரைக்கும் அடக்கப் பூசைதான் நடந்திருக்கு."

ஞானம்மா மகளின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"நம்ம கோயில்லயும் சாவு போகும்தானே?" என்றார் சவரிமுத்து.

"கல்யாணமும் போகும்லா. இங்க நல்லதா ஒண்ணும் போகல. எம்புள்ள இதுல கால் வைக்க மாட்டா."

மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஊரடங்குக்குள் எல்லாரும் வேலிக்குள் திரும்ப வேண்டும். மறுநாள் கல்லூரிச் சாமியார் படையோடு காட்டுக்குப் போகிறார்; எப்போது வருவார், தெரியாது.

கிராணி விஷயத்தைச் சொன்னபோது அந்த வெள்ளைக்காரச் சாமியார் சிரிக்கவில்லை. மூட்டைகளால் அடைத்திருந்த பக்கக் கதவைக் காட்டினார். மாணவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். குண்டு வந்தால் அவர்களுக்குக் காப்பே அந்த மூட்டைகள்தான். எனக்கு மனசு கரைந்துவிட்டது. எலிசா குனிந்து உள்ளே போனாள்.

தாலி ஏறியது. ஞானம்மா மகளைப் பக்கக் கதவுக்கு இழுத்தார். எலிசா நகராமல் பின்னால் பார்த்தாள். பின்வரிசையில் அந்தப் பையன்கள் எழுந்து நின்றார்கள், கையில் மணல் ஒட்டியபடி.

"நல்லதா ஒண்ணும் போகலன்னுதானே சொன்னீங்கம்மா? இப்ப போகட்டும்," என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய வாசலில் இறங்கினாள். ஞானம்மா பக்கக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே வாசலில் இறங்கினார்.

நான் புறப்படும்போது பையன்கள் மூட்டைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் எங்கள் கோயில் வாசலில் எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன், பந்தி எப்போது என்ற நினைப்போடு. அன்று பஸ்ஸில் பசியே இல்லை. அந்தப் பையன்களில் ஒருவன்கூட இனி அந்த வாசலில் அடுத்தவன் தோளில் போகக் கூடாது என்றே வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.