ரம்புட் எரிந்துவிட்டது

குடும்பக் குழுவில் மகளிடமிருந்து மலாயில் ஒரு வரி வந்தது: "ரம்புட் ஹாபிஸ் தெர்பாக்கார்." முடி முழுக்க எரிந்துவிட்டது. பாயான் லெப்பாஸில் என் அலுவலக மேசையில் இருந்தேன். அழைத்தேன்; எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

அவள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உயர் மின்னழுத்தத்தோடு வேலை செய்பவள். இடுப்புவரை முடி. முடியே எரிந்ததென்றால் முகம்? கண்? உடனே கிளம்பினேன். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்துக்குத் திரும்பும் வண்டிகளுக்கு நடுவே என் கார் நகரவே இல்லை.

ஆய்வகத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னல் முழுதாகத் தோளில் கிடந்தது. நான் மண்டியிட்டு அவள் நெற்றியை, காதை, புருவத்தைத் தடவிப் பார்த்தேன்.

"என்னம்மா, பேன் பாக்குறீங்களா?"

"முடி எரிஞ்சிருச்சுன்னு நீதானடி போட்ட!"

பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். "ஐயோ, லேப் குரூப்புக்குப் போட்டது லா. என் முடி இல்லம்மா. டியூப்பு."

பிறகு விளக்கினாள். சிலிக்கான் துண்டின் மேல் கார்பனாலான மிக நுண்ணிய நானோகுழாய்களை வளர்க்கிறார்கள். நுண்ணோக்கியில் அடர்ந்த தலைமுடிபோலத் தெரியுமாம். அதனால் அங்கே எல்லாருக்கும் அது ரம்புட். வெற்றிடத்தில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், சூடாக்காமலே அந்தக் கூரிய நுனிகளிலிருந்து எலக்ட்ரான்கள் பாயும். அன்று அவசரத்தில் மின்னழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிட்டாள். உள்ளே ஒரு பொறி. எல்லாம் கருகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? மூணு மாச வேலைம்மா." அவள் முகம் கோணியது. அழ ஆரம்பித்தாள்.

வெட்கமாகப் போய்விட்டது. எனக்குத்தான் ஒன்றும் எரியவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"திரும்ப வளக்க முடியாதா?"

"முடியும். முதல்லேர்ந்து."

"இந்தத் தடவ மெதுவா ஏத்தும்மா."

"நீங்க என்ன, என் சூப்பர்வைசரா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் மேல் சாய்ந்தாள். பிறகு, "நான் ஓட்டுறேன்மா" என்று கார் சாவியை வாங்கிக்கொண்டாள்.

இன்னமும் அவள் பெயர் கைப்பேசித் திரையில் வந்தால், படிக்குமுன்பே என் கை கார் சாவியைத் தேடுகிறது. அது அவளுக்குத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் 'நான் நல்லாருக்கேன்' என்று முதலில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் எலக்ட்ரான்களைப் பற்றி எழுதுகிறாள்.