டிரைவர் இல்லாத ஜீப்பு

எங்கள் ஊரில் ஏலக்காய்க்கும் ஏலம் என்றுதான் பேர், அதை விற்கிற முறைக்கும் ஏலம் என்றுதான் பேர். வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும்.

போடியில் ஏலக்காய் ஏலம் நடத்துகிற ஒரு கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. சரக்கு லாட்டு லாட்டாகத் திரையில் வரும். வியாபாரிகள் தட்டில் வந்த சாம்பிள் காயை உடைத்து, மோந்து பார்த்து, பட்டனைத் தட்டி விலையை ஏற்றுவார்கள். ஏறி நின்ற விலை பிடித்தால் தோட்டக்காரர் கொடுப்பார். பிடிக்காவிட்டால் தலையை ஆட்டி, இந்த விலைக்குத் தரமாட்டேன் என்று மலையாளத்தில், "ஈ விலைக்குத் தரில்லா" என்பார். நான் அந்த லாட்டுக்கு நேரே 'வித்ட்ரா' என்று போடுவேன். சரக்கு அவருக்கே திரும்பிப் போய்விடும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்றைக்கு என்ன விலை போகிறது என்று பார்ப்பதற்காகவே நாலு மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, மூட்டையோடு திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஏலம் என்றால் இப்படித்தான் என்று என் மண்டையில் ஏறிப்போயிருந்தது.

ஆபீஸ் நேரம் போக எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பொம்மை வண்டிகள். பஸ்சு, லாரி, ஜீப்பு, எதுவானாலும் சரி. போனில் அதற்கென்று ஒரு குரூப் இருக்கிறது. வாராவாரம் ஏலம் நடக்கும். பெயிண்டு போன பழைய வண்டிகளை மொத்தமாக எடுப்பேன், சுரண்டிக் கழுவி, புதுப் பெயிண்டு அடித்து, அதே குரூப்பில் திரும்ப ஏலத்துக்கு விடுவேன். என் வீட்டுக்காரர் நிஜ ஜீப்பு ஓட்டுகிறவர். விடியற்காலையில் ராசிங்காபுரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி, ஏலத் தோட்டங்களில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது அவர் சோலி. "ஓட்ட முடியாத வண்டிக்கு ஓயாம பெயிண்டடிக்கிறா" என்று என்னைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது.

போன மழைக்காலத்தில் அந்தக் கிண்டல் நின்றது. போடிமெட்டு ரோட்டில் ஒரு வளைவில், எதிரே வந்த லோடு வண்டி மூடுபனியில் தெரியாமல், இவர் ஒடித்துத் திருப்பினார். ஜீப்பு மலைப் பக்கமாகச் சாய்ந்தது. பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஏறியிருந்த ஆட்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவருக்குக் கால் எலும்பு இரண்டாகி, உள்ளே தகடு வைத்து, நாலு மாசம் வீட்டில் கிடந்தார்.

கிடந்த மனுஷன் சும்மா கிடந்தாரா என்றால் இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கிறது என்று ஒரு நாளைக்கு நூறு குறை. பொறுக்க முடியாமல் ஒருநாள் பெயிண்டு சுரண்டின ஒரு குட்டி ஜீப்பை அவர் மடியில் போட்டு, "இதையாவது ஓட்டுங்க" என்றேன்.

ஓட்டினார். ரெண்டு மாசம் ஓட்டினார். கட்டுக்கம்பியை வளைத்து மேலே கேரியர் வைத்தார். கிழிந்த குடைத் துணியில் படுதா தைத்தார். பின்னால் ஆள் நிற்கிற படி, கண்ணாடிக்குக் கீழே நகக்கண் அளவு எலுமிச்சையும் மிளகாயும், இடது பக்க மட்கார்டில் அவர் வண்டிக்கு இருந்த அதே நெளிசல். கேரியர் மேல் அடுக்க, சாக்குத் துணியில் விரல்நுனி பருமனுக்கு ஆறு மூட்டை. உள்ளே பஞ்சு வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. நிஜக் காயை உரித்து, ஏலரிசியைப் போட்டுத் தைத்தார். பக்கத்தில் போனாலே மணக்கும்.

எல்லாம் முடிந்ததும் பார்த்தேன், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சீட்டு காலி. "டிரைவர எங்க காணோம்?" என்றேன். "எறங்கி டீ குடிக்கப் போயிருக்கான்" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜீப்பு டிவிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. தினம் அவரே துணியால் துடைப்பார், என்னைத் தொட விடமாட்டார்.

கால் கூடியதும் பழையபடி மலைக்குக் கிளம்பிவிட்டார். வண்டியை ரிப்பேர் பார்த்து, தகடு வைத்த காலோடு கிளட்சை மிதித்துக்கொண்டு. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வானத்தில் ஒரு மேகம் திரண்டால் ஆபீஸ் ஜன்னலுக்கு எழுந்து எழுந்து போவேன். "வேற சோலி பாருங்க" என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், ரெண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "எனக்கு வேற என்ன தெரியும்?" என்பார்.

அந்தக் கேள்விக்குப் பதிலை டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுகிறோமே என்று எனக்கு ஒருநாள் தோன்றியது. இவர் கைவேலைக்கு நல்ல விலை வரும் என்று காட்டிவிட்டால், உட்கார்ந்த இடத்திலேயே பிழைக்கலாம் என்று காட்டிவிட்டால், மனுஷன் மலையை விட்டு இறங்கிவிடுவார். விற்கிற எண்ணமே எனக்கில்லை, சத்தியமாக இல்லை. குரூப் ஏலத்தில் வைப்பது, ஏறி நிற்கிற விலையைப் போட்டோ எடுத்து அவரிடம் காட்டுவது, வித்ட்ரா போட்டுவிடுவது. எங்கள் தோட்டக்காரர்கள் தினம் செய்கிற காரியம்தானே. அவர் இல்லாத நேரத்தில் படம் எடுத்துப் போட்டேன். மூட்டைக்குள் நிஜ ஏலரிசி இருக்கிறது என்பதையும் பெருமையாக எழுதினேன். புதன்கிழமை நாலு மணிக்கு முடிவு என்று வைத்தேன்.

அன்றைக்கு ஆபீசில் பெரிய திரையில் ஏலக்காய் ஓடிக்கொண்டிருந்தது, மேஜைக்கு அடியில் என் போனில் ஜீப்பு ஓடிக்கொண்டிருந்தது. மூணரை வரை ஊர்ந்தது. கடைசிப் பத்து நிமிஷத்தில் ரெண்டு பேர் விடாப்பிடியாக மோதிக்கொண்டார்கள். நாலு மணிக்கு நின்ற விலையை இலக்கம் இலக்கமாக எண்ணிப் பார்த்தேன். அவர் மூணு மாசம் மலை ஏறி இறங்கினாலும் கையில் அவ்வளவு மிஞ்சாது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். விலையைப் போட்டோ எடுத்தேன். பிறகு குரூப்பில் நிதானமாக ஒரே ஒரு வார்த்தை போட்டேன்: "வித்ட்ரா."

அப்புறம் கேள்விக்குறியாக வந்து விழுந்தது. குரூப்பை நடத்துகிறவர் கோயம்புத்தூர்க்காரர், நேரே போன் போட்டார். அதுவரை குரூப்பில் விட்ட வண்டி எதையும் நான் திரும்ப எடுத்ததில்லை, அதனால் எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே சிரித்துவிட்டார். "ஏனுங் மேடம், அது ஏலக்காய்க்குங்க. இது ஏலமுங்க, நின்ன வெலைக்குக் குடுத்தே ஆவோணுமுங்க" என்றார். பிறகு அந்தச் சிரிப்பு காணாமல் போய்விட்டது. எடுத்தவர் அதற்குள் பணத்தைப் போட்டுவிட்டார். சரக்கைக் கொடுக்காவிட்டால் என் பேரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஏமாற்றுக்காரி என்று மற்ற குரூப்புகளுக்கும் சொல்லிவிடுவார்கள், இனி எங்கள் வீட்டு வண்டி எதையும் யாரும் தொடமாட்டார்கள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பீருங்க" என்று வைத்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. கொடுத்தால் அவர் பெற்ற பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருக்கிற ஜீப்பு போகும். கொடுக்காவிட்டால் அவரைக் கீழே இறக்க நான் கண்டுபிடித்த ஒரே வழியும் அடைபடும். ரெண்டில் எது நடந்தாலும் அவரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். போன் அடித்தேன். மலையில் சிக்னல் இல்லை.

அஞ்சரைக்கு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். வழக்கமாக அவர் அந்த நேரத்துக்கு இறங்கிவிடுவார். மலை பாதிக்குமேல் வெள்ளையாக மூடிக் கிடந்தது. ஒவ்வொரு ஜீப்பாக வந்து ஆட்களை இறக்கியது. அவர் வண்டி வரவில்லை. ஆறு மணி ஆயிற்று. தெரிந்த டிரைவர் ஒருத்தரிடம் ஓடினேன்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரப் பாத்தீகளா?"

"மேல மழை வெளுத்து வாங்குதுத்தா. எனக்குப் பின்னால எவன் வர்றான்னு கண்ணுக்கே தெரியல. வந்துருவாப்ல."

அந்த 'வந்துருவாப்ல' எனக்குப் போதவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரை ஜீப்பை எப்படிக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். இப்போது அந்தக் குட்டி ஜீப்பு, குரூப்பு, கோயம்புத்தூர்க்காரர் எல்லாம் எங்கே போனார்களோ தெரியவில்லை. இவருக்குத் தெரியாமல் இவர் பொருளை ஏலத்தில் விட்டேனே, அதற்குத்தான் சாமி கணக்குக் கேட்கிறதோ என்று நினைத்தேன். மனுஷன் முழுசாக இறங்கி வரட்டும், என்னை ரெண்டு அறை அறைந்தாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

ஆறே முக்காலுக்கு நெளிந்த மட்கார்டு தெரிந்தது. ஆட்கள் நனைந்துபோய் இறங்கினார்கள். கடைசியாக அவர் காலைத் தாங்கித் தாங்கி இறங்கி வந்தார்.

"என்ன புள்ள, இங்க வந்து நிக்கிற? மரம் விழுந்து கெடந்துச்சு, வெட்டித் தள்ளிட்டு வர நேரமாயிருச்சு."

அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை.

"எதுக்கு வெல பாத்த?" என்றார்.

"நீங்க மலைக்குப் போகாம இருக்க ஒரு வழி கெடைக்குமான்னு பாத்தேன் மாமா."

டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றார். அப்படியே கேட்டார்: "ஆபீசுல யாரு சொன்னா வித்ட்ரா போடுவ?"

"சரக்குக்காரரு சொன்னா."

"இதுல சரக்குக்காரன் யாரு?"

நாலு வருஷமாகத் தினம் அந்த வார்த்தையைத் தட்டுகிறேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பது அந்த ஈரத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. "நீங்க" என்றேன்.

"என்னையக் கேட்டியா?"

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் ஜீப்பை உடைத்துவிடுவாரோ என்று பயந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு, ஒரு அட்டைப்பெட்டியையும் பழைய பேப்பரையும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். தகடு வைத்த கால் முழுசாக மடங்காது, நீட்டித்தான் உட்கார வேண்டும். "விட்டது விட்டதுதான். சொன்ன சொல்லு மாறக் கூடாது" என்றார். மூட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். படுதாவை இழுத்துக் கட்டினார். பேப்பரில் சுற்றுவதற்கு முன்னால் வண்டியை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"நல்லாப் பாத்துக்க. சீட்டு காலியாத்தான இருக்கு?"

"ஆமா."

"வண்டியத்தான் நீ ஏலத்துல விட்ட. போகட்டும், இன்னொண்ணு செஞ்சுக்கிறலாம். மலையேறுற இந்த டிரைவரையும் சேத்து வச்சுட்ட பாரு, அந்த லாட்டுக்கு நான் வித்ட்ரா."

டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன், அவர் ஒட்டினார். அறை முழுக்க ஏலக்காய் மணம்.

மறுநாள் விடியற்காலையில் தூக்குவாளியைக் கையில் கொடுத்தேன், மலைக்குப் போனார். மத்தியானத்துக்குள் பார்சலை அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ஆபீசில் ஒரு தோட்டக்காரர் விலை பிடிக்காமல் தலையை ஆட்டினார். வழக்கம்போல் தட்டப் போன கை நின்றது. "வித்ட்ரா போட்டுரட்டுமா சார்?" என்று எழுந்துபோய்க் கேட்டேன். இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தார்.

மூணு மணிக்கு மேகம் திரண்டது. பயம் கொஞ்சமும் குறையவில்லை, முந்தின நாள் இருந்த அளவுக்கு அப்படியே இருந்தது. அஞ்சரைக்குப் போய் ஸ்டாண்டில் நின்றேன். அன்றைக்கு நேரத்துக்கே வந்துவிட்டார். ஆட்கள் இறங்குவதற்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு எத வித்துட்டு வந்து நிக்கிற?"

"ஒண்ணையும் விக்கல," என்றேன். "டிரைவரு இருக்காரான்னு பாக்க வந்தேன்."