வாளி ஓட்டம்

ஈஸ்டருக்கு மறுநாள் எங்கள் தோட்டத்துச் சபையார் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். மலேசியாவில் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த புல்தரைதான் திடல். எனக்கு அப்போது எட்டு வயது.

அந்த வருடம் எனக்கு மூன்று கவலைகள். ஒன்று, சாக்கு ஓட்டத்தில் நான் விழக்கூடாது. இரண்டு, மழை வரக்கூடாது. மூன்றாவதுதான் பெரியது: சின்னம்மாவும் அடுத்த வீட்டு அக்காவும் பேச வேண்டும். சின்னம்மாவின் கோழி ஒன்று காணாமல் போனதிலிருந்து ஒரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. பகையோடு இருப்பவர்கள் கோவிலில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வர வேண்டாம் என்று, சபையைக் கவனித்துவந்த உபதேசியார் சொல்லியிருந்தார். ஈஸ்டர் அன்றும் இருவரும் இடத்தைவிட்டு எழவில்லை. சின்னம்மா முக்காட்டுக்குள் அழுததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

வாளி ஓட்டம் பெண்களுக்கானது. இருவர் தோளில் ஒரு மூங்கில் கழி, நடுவில் ரப்பர் பால் சுமக்கும் வாளி, வாளி நிறையத் தண்ணீர். அதிகம் சிந்தாமல் முதலில் வருபவர்களுக்குப் பரிசு. ஜோடிகளை உபதேசியார் சீட்டுப் போட்டு எடுத்தார். சின்னம்மாவுக்கு அடுத்த வீட்டு அக்கா வந்தார். எல்லாம் கர்த்தரின் சித்தம் என்றார் உபதேசியார். இரண்டு சீட்டுகளை மட்டும் அவர் வேறு மாதிரி மடித்திருந்ததை நான் கவனித்திருந்தேன்.

“விசுவாச வாழ்க்கையும் ஓட்டந்தான். ஒரே மனசா, ஒரே அடியா ஓடணும். இடது, வலது!” என்று எல்லோரையும் பழக்கினார்.

விசில் ஒலித்தது. மற்ற ஜோடிகள் பட்டாளம் போல ஒரே காலை எடுத்து வைத்தார்கள். அடிக்கு அடி வாளி ஊஞ்சலாடி, பாதித் தண்ணீர் புல்லுக்குப் போனது. முன்னால் போன சின்னம்மா இடது காலை வைத்தால், பின்னால் வந்த அக்கா வேண்டுமென்றே வலது காலை வைத்தார். அவர்கள் வாளி அசையவே இல்லை.

“தள்ளாதேடி, தோள் எரியுது!” என்றார் சின்னம்மா.

“ஆமை மாதிரி நடந்தா நான் என்ன செய்ய?”

“கோழி திருடுனவளுக்கு வேகத்தைப் பாரு!”

“உன் கோழியைப் பாம்பு முழுங்கிச்சு. என் வயித்தைக் கிழிச்சா பாக்கப் போறே?”

“பாத்தாலும் பாப்பேன், வா!”

திடலே சிரித்தது. அவர்கள் முதலாவதாக வந்தார்கள். நான் மட்டும் அழுதுகொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, வழி பூராத் திட்டிக்கிட்டாங்க!”

“ரெண்டு பேருமா? நல்லாக் கேட்டியா?”

“நல்லாக் கேட்டேன்.”

“அப்பச் சரி,” என்று அவரும் சிரித்தார்.

பல வருடம் கழித்து ஈப்போவில் தாதிப் பயிற்சியில் சேர்ந்தேன். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும் இருவரும் ஒரே காலை எடுத்து வைக்கக் கூடாது, வைத்தால் நோயாளி ஆடுவார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் சத்தமாகச் சிரித்துத் திட்டு வாங்கினேன்.

ஆனால் எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது உபதேசியார் சொன்ன சட்டம் மட்டுமே. போட்டி முடிந்த மறு ஞாயிறு திருவிருந்து கொடுக்க ஈப்போவிலிருந்து பாதிரியார் ஐயர் வந்தார். சின்னம்மாவும் அக்காவும் அருகருகே முழங்காலிட்டார்கள். இருவரும் மன்னிப்புக் கேட்டதை நான் எங்கும் பார்க்கவில்லை. ஐயரிடம் சொல்லிவிடுவதே சரி என்று எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.