ஆறாவது விரல்

இரண்டு பேர் உறுதிப்படுத்தாத எதையும் நான் பத்திரிகைக்கு அனுப்பியதில்லை. பதினாறு வருடங்களாகப் புத்தளத்திலிருந்து செய்தி எழுதுகிறேன். இங்கே எழுதப்போவதற்கு மூன்று பேர் சாட்சி. மூவரும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். நேரங்களை அன்றன்றே குறித்து வைத்தேன். நம்பும்படி யாரையும் கேட்கவில்லை. நடந்தது இதுதான்.

1990 ஒக்டோபரில் எனக்கு ஏழு வயது. மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் இயக்கம் அறிவித்தது. கற்பிட்டிப் பக்கமிருந்து வள்ளங்கள் வந்தன. எங்கள் குடும்பம் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஏறியது. விளக்குக் கொளுத்த விடவில்லை. உம்மா கைக்குழந்தையோடு முன்பக்கம் போய்விட்டார். வாப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைத் தூக்கி உள்ளே போட்டார். பின்னால் இருட்டுக்குள் யாரோ என் தங்கை றுமைஸாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு மூன்றரை வயது.

"தங்கச்சி வாறா. கையப் பிடி. விட்டுராத," என்றார் வாப்பா.

நான் விளிம்புப் பலகைக்கு மேலால் இடக் கையை நீட்டினேன். ஒரு சின்னக் கை வந்து பிடித்துக்கொண்டது. ஈரமாக, குளிர்ந்து. எல்லோரும் ஈரமாகத்தான் இருந்தோம்.

ஆட்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். நான் பலகையோடு நசுங்கிக் கிடந்தேன். தலையைத் திருப்ப இடமில்லை. ஆனால் கையை விடவில்லை. வள்ளம் புறப்பட்டு நெடுநேரம் வரை விடவில்லை. பிறகு எப்போதோ தூங்கிப்போனேன். விழித்தபோது கற்பிட்டிக் கரை. விடிந்துகொண்டிருந்தது. என் கை வெறுமையாக இருந்தது.

"றுமைஸா எங்க?" என்று உம்மா கேட்டார்.

அந்த ஒரு தடவைதான் கேட்டார். பிறகு 2019இல் மௌத்தாகும் வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும். நான் எப்போது கையை விட்டேன்? தூங்கிய பிறகா, தூங்குவதற்கு முன்பா? முப்பத்தைந்து வருடங்கள் எனக்கு இருந்த ஒரே கேள்வி அது.

2025 ஜூன் மாதம் தூக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதற்காக வாசித்தபோதுதான் தெரிந்தது, கனவுக்குள் இருந்துகொண்டே 'இது கனவு' என்று அறிந்துகொள்ளச் சிலர் பழகுகிறார்கள் என்பது. வழி எளிது. பகலில் அடிக்கடி கைவிரல்களை எண்ண வேண்டும். பழகிவிட்டால் கனவிலும் எண்ணுவோம். கனவில் கணக்குச் சரிவராது. நாலு இருக்கும், ஏழு இருக்கும். அப்போது தெரிந்துவிடும். தெரிந்தபின் கனவில் நாம் விரும்பியபடி நடக்கலாம், திரும்பிப் பார்க்கலாம். விடியப்புறத்தில் ஒருமுறை எழும்பி, மீண்டும் படுக்கும் தூக்கம்தான் இதற்கு நல்லதாம்.

சுபஹ் தொழுதுவிட்டுப் படுக்கும் தூக்கம். எங்கள் ஆட்கள் கூடாது என்று சொல்லும் அதே தூக்கம்.

அந்த வள்ளத்தில் எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. எண்ணத் தொடங்கினேன். தேத்தண்ணி குடிக்கும்போது, பஸ்ஸில், கச்சேரி அலுவலகத்தில் காத்திருக்கும்போது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

ஜூலை 9, புதன்கிழமை. தொழுதுவிட்டு 5.10க்குப் படுத்தேன்.

வள்ளத்தில் இருந்தேன். இஞ்சின் சத்தம். மண்ணெண்ணெய் வாசம். இடக் கை விளிம்புப் பலகையின் மேல் கிடந்தது. எண்ணினேன்.

ஆறு.

இது கனவு என்று தெரிந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுபடி எண்ணினேன். ஆறு. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே இன்னொரு விரல். சின்னது. நகம் வெளுத்திருந்தது.

அது என்னுடையது அல்ல.

"றுமைஸா?" என்றேன்.

பலகைக்குக் கீழே தண்ணீர் மட்டும்... ளக்... ளக்... என்றது. கைப்பிடி இறுகியது.

விழித்தபோது 6.22. சுண்டு விரலின் அடி, நூலால் இறுக்கிக் கட்டி அவிழ்த்தது போல் வெளுத்திருந்தது. என் மனைவி சபூரா வாசலில் நின்றாள்.

"யாரோட கதைச்சீங்க?"

"கனவு."

"சுபஹுக்குப் பொறகு படுக்காதீங்கண்டு எத்தின தரம் சொல்லிட்டன். பேப்பர்காரனுக்குக் கனவுலயும் நியூஸ் வேணுமாக்கும்."

சிரித்தேன். போகும்போது அவள் திரும்பிக் கேட்டாள்: "நீங்க பேசினது சரி. மத்தது யாரு?"



ஜூலை 18, வெள்ளிக்கிழமை. இந்த முறை ஒரு முடிவோடு படுத்தேன். வள்ளம் கரையைத் தொடும்வரை தூங்க மாட்டேன். கையை விட மாட்டேன். அவளைக் கரைக்கு ஏற்றிவிடுவேன். கனவில்தான், தெரியும். ஆனாலும் ஒரு தடவையாவது அதைச் செய்துவிட வேண்டும்.

வள்ளம் வந்தது. இருட்டு. எண்ணினேன். ஆறு. அந்தச் சின்ன விரலை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். கரை தட்டியது. குதித்தேன். இழுத்தேன். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பாரம் இருக்காது. ஊறிய வலையை இழுப்பது போல் இருந்தது. பின் பாரம் குறைந்தது. காலடிகள் கேட்டன. சேற்றில்... என் பின்னால்...

நடந்தேன். திரும்பிப் பார்க்கத்தான் வந்தேன். பார்க்கவில்லை. ஏனோ முடியவில்லை.

வெளிச்சம் வந்தது. விரல்களை எண்ணினேன்.

ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஐந்து.

எதிரே எங்கள் குசினிக் கதவு. உள்ளே அடுப்புக்கு மேல் சுவர்க் கடிகாரம் 6.14. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். 6.14. நான் விழித்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால், கடலேரிக் கரையிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதையில் நின்றேன். முழங்கால் வரை சேறு.

கைப்பிடி மட்டும் விடவில்லை.

சபூரா கதவைத் திறந்தாள். "கைய ஏன் இப்பிடி வெச்சிரிக்கீங்க?"

இடக் கை சற்றுத் தாழ்ந்து மூடியிருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடப்பவன் கை போல. அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். நன்றாக ஒதுங்கினாள். இரண்டு பேர் நுழையும் அளவுக்கு.

ஏன் அப்படி ஒதுங்கினாள் என்று பிறகு கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு. கரைத்தீவில் ஒரு கலியாணச் சாப்பாடு. பகல் 1.05. எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் சகன்தான். பெரிய தட்டு நிறையச் சோறு, சுற்றி ஆறு பேர். ஆறு பேர் சேர்ந்தால்தான் பரிமாறுபவர் மூடியைத் திறப்பார். எங்கள் சகனில் ஐந்து பேர் இருந்தோம். ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தோம்.

பரிமாறிய ஸியாத் விரலால் சுற்றிவர எண்ணினான். "ஆறு. சரி." மூடியைத் தூக்கினான்.

"அஞ்சு பேருடா," என்றார் முனாஸ். பக்கத்து வீட்டுக்காரர், எனக்கு மச்சான் முறை. "கணக்குப் படிப்பிச்சது யாரு ஒனக்கு?"

ஸியாத் மறுபடி எண்ணினான். முகம் மாறியது. "அஞ்சுதான். இப்ப... நூர்தீன் நானாக்கு இந்தப் பக்கத்தால..." என்னைக் காட்டி நிறுத்தினான். "வெயில், மச்சான்."

"பரவாயில்ல. ஆறாவது ஆள்ட கோழிக்கால நான் பாத்துக்கொள்றன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். என் இடப்பக்கம் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்த ஐவரில் ஒருவரும் அங்கே நகரவில்லை.

சாப்பிட்டு முடிந்தபோது அந்தப் பக்கத்துச் சோற்றில் ஒரு சின்னக் குழி. ஒரு பிள்ளையின் கைப்பிடி அளவு. அதில் நீர் கோத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கடல் உப்பு.

அன்று பின்னேரம் தீர்மானித்தேன். எங்களை ஏற்றிவந்த வள்ளக்காரர் நிக்கொலஸ் கண்டக்குழியில் இருக்கிறார் என்பது எனக்கு எப்போதோ தெரியும். ஏரிக்கு அந்தக் கரை. முப்பத்தைந்து வருடங்களாக நான் போகவில்லை. ஊரெல்லாம் போய்க் கேள்வி கேட்பவன், அவரிடம் மட்டும் போகப் பயந்தேன். நான் கையை விட்டதை அவர் கண்டிருந்தால்?

ஜூலை 21, பின்னேரம் 3.40. அவருக்கு எழுபத்து நாலு வயது. முற்றத்தில் கதிரையில் இருந்தார். மகள் யூஜீனியா பிளேன்டீ தந்துவிட்டு உள்ளே போனாள். நான் யாரென்று சொன்னேன். தங்கையைப் பற்றிச் சொன்னேன்.

கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"பச்சைச் சட்டையா, தம்பி? முதுகுப் பக்கம் ஒரு பொத்தான் மட்டும் வெள்ளை?"

உம்மா தைத்த சட்டை. பச்சைப் பொத்தான் ஒன்று கழன்றபோது வெள்ளையை வைத்துத் தைத்திருந்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அடுத்த நாள் ராவும் அங்க போனன், மிச்ச ஆக்கள ஏத்த. நீங்க ஏறின அதே இடத்தில பிள்ளை மிதந்துகொண்டு கிடந்திச்சு. ஊர்ல மிச்சமிருந்த பள்ளி மோதினார்தான் அடக்கினார். யார்ட பிள்ளையெண்டு எனக்குத் தெரியா. என்ர வள்ளத்துப் பிள்ளையெண்டு நான் நினைக்கேல்ல."

"ஏன்?"

"எண்ணினனே. ஏறின உடனே இருபத்திரண்டு. கற்பிட்டியில இறங்கேக்கயும் இருபத்திரண்டு. ஆரும் குறையேல்ல." என்னைப் பார்த்தார். "நீங்க கைய விடேல்ல, தம்பி. அந்தப் பிள்ளை உங்கட கைக்கு வந்து சேரவேயில்ல. ஏத்தேக்கயே தவறி விழுந்திருக்கு. இருட்டு, சனம், சத்தம். ஆரும் காணேல்ல."

முப்பத்தைந்து வருடப் பாரம். அது இறங்கியிருக்க வேண்டும்.

"ஆனா நான் ஒரு கையைப் பிடிச்சிருந்தன், ஐயா. நெடுநேரம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நடுவிலயும் ஒருக்கா எண்ணினன்," என்றார். "விடியப்புறம் ரெண்டு மணி இருக்கும். வள்ளம் ஒரு பக்கம் சாஞ்சு ஓடிச்சு. ஆக்கள் எல்லாம் அந்தப் பக்கம் சேர்ந்திட்டினமோ எண்டு, இருட்டுக்க தலையத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தன்."

"எத்தனை?"

"இருபத்து மூண்டு."

காற்று இல்லை. நாய் கூடக் குரைக்கவில்லை.

"எல்லாற்ற தலையும் அப்ப காஞ்சிட்டு. கடைசித் தலை மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடந்திச்சு. நீங்க இருந்த பக்கம். உங்கட கைக்குக் கிட்ட."

"வள்ளத்துக்குள்ளயா?"

நிக்கொலஸ் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"பலகைக்கு வெளியால, தம்பி. தண்ணிக்குள்ள."

இதுதான் நடந்தது. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என் தங்கை மன்னார்க் கரையில் அடங்கியிருக்கிறாள். ஏரிக்கரையிலிருந்து நான் இழுத்து வந்து குசினிக் கதவால் உள்ளே கூட்டிப்போனது யாரை என்று சபூரா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சுபஹுக்குப் பிறகு இப்போது நான் படுப்பதில்லை. விரல்களை எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

பதினாறு வருடங்களாக நான் இரண்டு கையாலும் வேகமாகத் தட்டச்சு செய்பவன். இதை மட்டும் வலக் கையால் அடித்திருக்கிறேன். ஒரு விரலால்... மெல்ல மெல்ல.

இடக் கை காலியாக இல்லை.