கோடு விழுந்த களஞ்சியம்

தங்கமணி மருமகளாக வந்தபோதே அந்த வட்டக் களஞ்சியம் காலியாகத்தான் இருந்தது. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில், அவள் கணவன் சுப்புராயனின் கொள்ளுத்தாத்தா கட்டியது. ஒரு பஞ்சத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, மலைக்கல்லை வண்டிகளில் இறக்கி அடித்தளம் போட்டு, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பினாராம். மூலை இல்லாததால் நெல்லின் பாரம் சுவர் முழுக்கச் சமமாகப் பரவும். கூரைக்கு ஒரு மரச்சட்டம்கூடக் கிடையாது. செங்கல்லை வளையம் வளையமாகக் குறுக்கிக்கொண்டே போய் உச்சியில் கூம்பாக முடித்திருந்தார்கள். மேல்கதவு வழியே கொட்டி, கீழ்க்கதவு வழியே எடுப்பார்கள். அறுத்த நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கியபின் அதற்கு வேலையில்லை. களையெடுக்க வரும் பெண்கள் மட்டும் மதியத்தில் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சுப்புராயன் மாரடைப்பில் இறந்த வருடம், தம்பி வெங்கடேசன் பாகம் பிரிக்கக் கேட்டான். அளந்தபோது கோடு களஞ்சியத்தின் நடுவே போனது. தன் பாதியில் டிராக்டர் நிறுத்துவதற்காகச் சுவரை வெட்ட ஆள் கூட்டிவந்தான்.

"வேணாம் தம்பி. சுத்து செவுருதான் கூரையத் தாங்கிக்கினு இருக்குது. ஒரு பக்கம் வெட்டினா மொத்தமும் எறங்கிடும்" என்றாள் தங்கமணி.

"என் பாகத்துலதான அண்ணி வெட்டறேன்? உங்க பாதிய நான் இன்னா பண்ணேன்?"

வெட்டினான். அடுத்த மழையில் வெட்டிய இடத்திலிருந்து விரிசல் கிளம்பி, உச்சியைத் தாண்டி அவள் பக்கம் இறங்கியது. அவன் சிமெண்ட் பூசினான். அதுவும் பிளந்தது. டிராக்டரை வெளியே எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் களையெடுக்க வந்த குஞ்சம்மாள் உள்ளே சோற்றைப் பிரித்து வைத்தபோது, மேலிருந்து ஒரு செங்கல் தூக்குவாளியை நசுக்கிக்கொண்டு விழுந்தது. தங்கமணி தன் பக்கத்துக் கதவைப் பூட்டினாள்.

"வெயில்ல எங்கம்மா குந்துறது? கரும்பு நடணும்னு நெழலுக்கு இருந்த மரத்தையும் வெட்டிட்டீங்க" என்றாள் குஞ்சம்மாள்.

பெண்கள் வெங்கடேசன் வெட்டிய வாசல் வழியே மறுபடி உள்ளே போனார்கள். தங்கமணி அதை அடைக்கச் சொன்னதற்கு, "அது என் பக்கம் அண்ணி" என்றான் அவன்.

அறுவடை முடிந்து வயலில் யாரும் இல்லாத நாளில் தங்கமணி பொக்லைன் இயந்திரத்தை வரவழைத்தாள். ஓட்டுநர் தயங்கினார்.

"அந்தப் பாதிக்கு அவுரு சொல்லணுமேம்மா?"

"நான் சொல்றேன். இடிங்க."

இரண்டே இடியில் கூம்பு உள்வாங்கியது. சுண்ணாம்புத் தூசியில் வரப்பு தெரியவில்லை. வெங்கடேசன் ஓடிவந்து, அவளைப் பார்க்காமல் செங்கல்லைப் பார்த்தபடி கேட்டான்.

"யாரக் கேட்டு என்னுத இடிச்சீங்க?"

"உன் பாதிய மட்டும் நிக்கவச்சி இடிக்க எனக்குத் தெரியல தம்பி."

அவன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தான். விசாரணையில் அவள் எதையும் மறுக்கவில்லை. வழக்கு கள்ளக்குறிச்சியில் நடக்கிறது. அவளே பேருந்தில் போய்வருகிறாள். வரப்போரம் அவள் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகை மதியத்தில் கொதிக்கிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். கீற்று வாங்கி மேலே போடச் சொல்லியிருக்கிறாள். வெங்கடேசன் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை.