அண்டியாபீஸில் ஒரு மூச்சு வகுப்பு

தொண்ணூறுகளின் நடுவே ஓர் ஆனி மாதம், பாறசாலைப் பக்கமுள்ள ஒரு முந்திரி ஆலைக்கு இரண்டு முறை போனேன். அங்கே அதை அண்டியாபீஸ் என்பார்கள். தொழிலாளர்களுக்கு உடல்நல வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். இதே காரியமாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

காலை ஆறே முக்காலுக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். எட்டேகாலுக்குக் களியக்காவிளை. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். இடம் தெரியுமா என்றதற்கு ஓட்டுநர் சிரித்தார்.

"வழி கேக்காண்டாம் சாறே, மூக்கே கொண்டுபோயி விட்டிரும்."

அரைக் கிலோமீட்டர் முன்பே எனக்குத் தொண்டை கமறியது.

உள்ளே பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து, வறுத்த கொட்டைகளைக் கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டையின் மேலோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் கையெல்லாம் சாம்பல். நான் கரும்பலகையில் நுரையீரல் வரைந்தேன். பலகை போட்டு உட்காருங்கள், மணிக்கொரு தரம் எழுந்து முதுகை நிமிர்த்துங்கள் என்றேன். புகைக்கு, தோளில் கிடக்கும் துண்டை, அவர்கள் பேச்சில் துவர்த்தை, நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன். ரோசம்மா என்ற நாற்பது வயதுக்காரர் இருமிக்கொண்டே எழுந்துவந்து, நான் கொண்டுபோயிருந்த புதுத் துவர்த்தைக் கட்டிக் காட்டினார். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து மறுபடி போனபோது ரோசம்மாவின் வாயைச் சுற்றித் தோல் கறுத்து உரிந்திருந்தது.

"சாறு சொன்னதாக்கும் செய்தேன். நனைச்சுக் கெட்டினேன், அப்பமே எரிஞ்சுது. ஞாயிற்றுக்கிழம மகளப் பெண்ணு பாக்க வாறாவ. இந்த மொகத்தோட எப்பிடி நிக்க?"

அவர் தோளில் கிடந்த துவர்த்து, நாள் முழுக்கக் கையைத் துடைத்து எண்ணெய் ஊறிய துணி. அங்கே எல்லோர் துவர்த்தும் அதற்குத்தான். நுரையீரலை அவ்வளவு அழகாக வரைந்த நான் அதைக் கேட்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஒருவர் முகத்தையே சுட்டுவிட்டது.

"இனி ஒருத்தியும் மூக்கக் கெட்டமாட்டா சாறே," என்றார் பக்கத்தில் இருந்தவர். அப்படியே ஆயிற்று. இருமல் மட்டும் நிற்கவில்லை.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், வறுப்பு தொடங்குவதைப் பார்க்கலாம். முதல் நாள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் துணி எதற்கு என்று கேளுங்கள். ஆளுக்கொரு நல்ல துவர்த்து கொண்டுபோய் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். நான் அன்று வகுப்பு முடிந்ததும், ரோசம்மா முகத்திலிருந்து அவிழ்த்துத் தந்த புதுத் துவர்த்தை வாங்கி, மடித்து, என் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.