ஞானரட்ணத்தின் உறையில்லா இசைத்தட்டுகள்

ஞானரட்ணம் இசைத்தட்டை முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். அட்டை உறையின் வாயைச் சற்று விரித்து, மூக்கை அதனருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு. பிறகுதான் தட்டு வெளியே வரும். அதன் ஓரங்களை இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "தப்பிச்சிருச்சு" என்று இடப்பக்கம் வைப்பார். தப்பாதது வலப்பக்கம். இந்தக் கோடையில் வலப்பக்கமே உயர்ந்துகொண்டு போகிறது.

நோர்வூட் கடைவீதிக்கு மேலே, படியேறிப் போகவேண்டிய சிறிய வீடு. முன்னறையில் மனிதர்கள் உட்காருவதற்கு இரண்டு நாற்காலிகள். மிச்ச இடமெல்லாம் பழைய தேயிலைப் பெட்டிகள். தேயிலையைக் கடதாசி மூட்டையில் அனுப்பத் தொடங்கியபோது தொழிற்சாலையில் வேண்டாமென்று ஒதுக்கியவை. மெல்லிய பலகை, விளிம்பில் தகரம், உள்ளே ஈயத்தாள். அவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் நின்றவாக்கில் இருக்கின்றன. இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் விட்டுப்போனவை, துரைமார் பங்களாக்களிலிருந்து ஏலத்தில் வந்தவை, ஒலிபெருக்கிக் கடைக்காரர்கள் தூக்கி எறியவிருந்தவை. எல்லாம் சாஸ்திரிய சங்கீதம். எங்கள் பக்கத்துத் தவிலும் நாதஸ்வரமும் உண்டு; ஐரோப்பியர்களின் பியானோவும் உண்டு.

அவர் வேலையில் இருந்தபோது டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்து தூளாகி வெளியேறும்வரை தொழிற்சாலையில் அத்தனைக்கும் பொறுப்பானவர். ஓய்வு பெற்றும் அந்தக் கண் மாறவில்லை. இசைத்தட்டுகளை வித்துவான் பெயர்ப்படியோ வாத்தியப்படியோ அவர் அடுக்கியதில்லை. தேயிலையைச் சல்லடையில் பிரிக்கும் தரப்படியே அடுக்கியிருக்கிறார். நீண்டு சுருண்ட இலைக்கு ஓ.பி., நடுத்தரத்துக்கு பி.ஓ.பி., பொடிக்கு டஸ்ட்.

"ஓ.பி.ங்கிறது வெந்நி ஊத்திட்டுக் காத்திருக்கணும், டீச்சர். அவசரப்பட்டா சாயம் எறங்காது. டஸ்ட் அப்புடி இல்ல. ஊத்துன ஒடனே மண்டையில ஏறும்."

ஆகவே ஒரு தோடி ஆலாபனையும், எந்த நாட்டுக்காரரோ வாசித்த மந்தமான செல்லோவும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் நிற்கின்றன. தில்லானாக்கள் துள்ளலான பியானோத் துண்டுகளோடு டஸ்ட்டில். வீணையை ஒருபக்கம், வயலினை ஒருபக்கம் வைத்தால் தேடுவது சுலபமில்லையா என்று முதலில் நான் கேட்டேன்.

"ஒரே மலையில ஆய்ஞ்ச கொழுந்துதான். சல்லடையில விழுறப்ப எடம் மாறுதுல்ல?" என்றார்.

ஒருநாள் சஹானாவில் வீணை கேட்க ஆசைப்பட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "தெரேசா, பி.ஓ.பி., ஜன்னலோரப் பொட்டி, நடுவுல" என்றார். அவருடைய மனைவி ரொட்டி மா ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டிக்குள் பார்க்காமலே கையை விட்டு எடுத்தார். அதுதான். கொடுக்கும்போது ஒரு குத்தலும்: "இத பி.ஓ.பி.ல வைக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? இது ஓ.பி. கேட்டு முடிச்சும் நாக்குல நிக்குது."

"ஒனக்கு எல்லாமே நாக்குல நிக்கும்."

"ஆமா, ஒங்களக் கட்டுன கசப்பு இன்னும் நிக்குதுல்ல!"

அடுத்த முறை போனபோது அந்தத் தட்டு ஓ.பி.யில் இருந்தது. இத்தனை வருடங்களாக இருவரும் சேர்ந்து கேட்டுக் கேட்டு, வாதாடி வாதாடி, ஒவ்வொன்றாக இடம் மாற்றி உண்டாக்கிய வரிசை அது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. படித்தவள் என்ற பெயரில் நானும் சில நூலகங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கேயும் இப்படி ஓர் அடுக்கைக் கண்டதில்லை.

போன வருடக் கடைசிப் பெருமழைக்குப் பிறகு தெரேசாவுக்கு இளைப்பு வந்தது. நான்கு படி ஏறினால் நின்றுவிடுவார். முன்னறைக்கு வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். ஹட்டனில் பார்த்த டொக்டர் மருந்தெழுதுவதற்கு முன்னால் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்தாராம். பிறகு சொன்னாராம்: பூஞ்சணம் வீட்டை விட்டுப் போகவேண்டும், அல்லது அம்மா போகவேண்டும். அடுத்த மழையையும் அந்த அறையோடு கழித்தால் நெஞ்சு தாங்காது.

ஞானரட்ணம் வீட்டுக்கு வந்து பெட்டிகளைத் திறந்தார். சுவரில் எங்கும் இல்லாத பூஞ்சணம் பெட்டிகளுக்குள் இருந்தது. ஈரக்காற்று உள்ளே வராது என்று ஈயத்தாளை நம்பி, மழைக்காலத்தில் மூடிகளை இறுக்கி வைத்தவர் அவரே. அட்டை உறைகள் ஏற்கெனவே குடித்திருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வளர்ந்திருக்கிறது.

"காயாத தூளப் பொட்டியில போட்டா என்னாகும்னு எத்தன பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்," என்று என்னிடம் சொன்னார். "கப்பல்ல போன சரக்கு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. வீட்டுக்குள்ள கோட்ட விட்டுட்டேன்."

தட்டுகளைக் கழுவலாம். நடுவிலுள்ள லேபலின் மேல் பால்மா டின்னின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இளஞ்சூட்டு நீரில் மெல்லிய துணியால் வட்டமாகத் துடைக்கிறார். அட்டை உறையைக் கழுவ முடியாது. வெயிலில் வைத்துப் பார்த்தார். "வாசம் போவுது, வித்து போவல" என்றார். அன்றே முடிவெடுத்துவிட்டார். மூக்குக்கு ஒத்துவராத உறை எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது; எரித்துவிடவேண்டும். சேகரிப்பவர்களுக்கு உறைதான் பாதி உயிர். ஹட்டனில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கும் சுதாகரன் கேள்விப்பட்டு ஓடிவந்தார்.

"ஐயா, ஒற இல்லாட்டி இது வெறும் கறுப்புச் சில்லு. எரிக்காதீங்க, நான் கொண்டு போறேன்."

"ஒங்க வீட்டுலயும் மூச்சு விடுற ஆளுங்க இருக்காங்கல்ல, தம்பி?"

சுதாகரன் தேநீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

தெரேசாவும் தடுத்துப் பார்த்தார். மகள் ஷெரோமி வத்தளையில் இருக்கிறாள். தான் அங்கே போய்விட்டால் பாட்டுகளைத் தொடவேண்டியதில்லை என்றார். கணவர் காதில் வாங்காதது போலிருக்கவே, "நல்ல தூள எப்பவும் வெளியதானே அனுப்புவீங்க. என்னையும் அனுப்புங்க" என்றார். ஞானரட்ணம் சிரித்தார். சிரித்தபடி அடுத்த உறையை எடுத்து முகர்ந்தார்.

இரவில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இழுத்து விடும் மூச்சைக் கேட்டபடி கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் அந்தச் சத்தம் போன வருடம் என் கணவரோடு நின்றுவிட்டது. அதனால்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்த் தட்டுகளை ஈரம் போகத் துடைத்துக் கொடுக்கிறேன். கழுவிய தட்டுகள், தெரேசா பின்னறை ஜன்னலடியில் உட்கார்ந்து தைத்த வெள்ளைத் துணிப் பைகளுக்குள் போகின்றன. பெட்டிகளின் ஈயத்தாளை உரித்துப் பக்கங்களில் துளையிட்டாகிவிட்டது. எல்லாப் பைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. படமில்லை, பெயரில்லை. எது எதுவென்று எப்படித் தெரியும் என்று ஞானரட்ணத்திடம் கேட்டேன்.

"இனி வரிசைதான் பேரு," என்றார்.

நான் சோதித்துப் பார்க்க நினைக்கவில்லை. அவராகவே ஒரு பையை எடுத்து, திறக்காமல், பின்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டஸ்ட், கதவோரம், முன்னுக்கு இருந்து ரெண்டாவது?" உள்ளேயிருந்து, மூச்சு வாங்க, பதில் வந்தது. ஒரு கல்யாணி, வயலின், இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல். பையைத் திறந்தால் அதுவே இருந்தது. கீறலும் இருந்தது.

போன ஞாயிறு வலப்பக்கக் குவியலை எரிக்கும் நாள். குப்பையில் போட்டால் அழகான படங்களைப் பார்த்து யாராவது வீட்டுக்கு எடுத்துப்போவார்கள் என்பதால் எரிக்கத்தான் வேண்டுமாம். பழைய சாக்குப் படங்கை விரித்து உறைகளைப் பொதியாகக் கட்டினார். இடையில் கச்சை கட்டிய நாட்டியக்காரி ஒருத்தியும், பனிமலை ஒன்றும், வீணை மடியில் கிடக்கும் ஓர் அம்மையாரும் கடைசியாகத் தெரிந்து மறைந்தார்கள். வீட்டுக்குக் கீழே வாழைமரத்தடியில் பொதியை இறக்கினார். மஸ்கெலியாப் பக்கமிருந்து மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு தீக்குச்சியைக் கிழித்து, உறைகளில் வைக்காமல், உயர்த்திப் பிடித்துப் புகையைப் பார்த்தார். புகை வீட்டுப் பக்கம் சாய்ந்தது. ஊதி அணைத்தார். பொதியை முதுகில் ஏற்றிக்கொண்டு, வலிக்கும் முழங்காலைப் பிடித்துப் பிடித்து, தேயிலைக்கு நடுவே இறங்கினார். கீழே மழைநீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் இன்னொரு குச்சி. காற்று இன்னமும் மேல்நோக்கித்தான் வந்தது.

பின்னறை ஜன்னலிலிருந்து தெரேசா கத்தினார்: "ஏங்க, மழ வருதுங்க! நான் ஜன்னல சாத்திக்கிறேன், அங்கயே வச்சுக் கொளுத்துங்க!"

ஞானரட்ணம் அண்ணாந்து பார்த்து, ஜன்னலைச் சாத்தவேண்டாம் என்று கையை ஆட்டினார். எரிந்துகொண்டிருந்த குச்சியை விரல்களால் நசுக்கினார். பொதியை மறுபடியும் முதுகுக்கு ஏற்றி, ஆற்றங்கரையை நோக்கி இன்னும் கீழே இறங்கத் தொடங்கினார்.